தொண்டில் உயிர் துறந்த அன்னை சாவித்திரிபாய் பூலே

கல்விக்கென ஒரு கழகம் கண்டு, அதனை வெள்ளிவிழாக் காணும் அளவிற்கு வளர்த்தெடுத்த ஒரு சமுதாயம், தனக்கு முன்னே அவ்வழி நடந்தவர்களை நினைந்து போற்றுதல் கடனாகும். அவ்வாறு போற்றத்தக்கோர் வரிசையில் முன்னிற்பவர், மராட்டிய மண் ஈன்ற சாவித்திரிபாய் பூலே அம்மையார். பெண்களுக்கும், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்த முன்னோடி ஆசிரியை என்று அவரை நாம் அறிவோம். ஆயினும் அவர் எவ்வாறு மறைந்தார் என்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே. நோயாளருக்குப் பணிவிடை செய்த இடத்தில், அந்நோயே தம்மையும் தொற்ற, அம்மையார் உயிர் நீத்தார்.

இன்று காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் நம் சமுதாயத்து இளைஞரும் நங்கையரும் செவிலியராகவும், ஆய்வுக்கூடப் பணியாளராகவும், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளராகவும் நோயாளரிடையே நாள்தோறும் உழைத்து வருகின்றனர். அவர்களுக்கு அம்மையாரின் வாழ்வு ஓர் ஊக்கமாகும். அவருடைய இறப்போ ஒரு பாடமாகும். இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் மணமும்

மராட்டிய நாட்டின் சாத்தாரா மாவட்டத்தில் நாய்காவ் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள், கண்டோஜி நெவசே, இலட்சுமி ஆகியோரின் மகளாகச் சாவித்திரி பிறந்தார். மலரும் காய்கனியும் பயிர்செய்து வாழும் மாலி என்னும் குலம் அவருடையது. பெண் படித்தால் குடும்பத்திற்குக் கேடு வரும் என்று மக்கள் உண்மையாகவே நம்பியிருந்த காலம் அது.

1840இல், ஒன்பதாவது வயதில், சாவித்திரிக்கு மணம் நிகழ்ந்தது. மணமகன் ஜோதிராவ் பூலேக்கு அப்போது வயது 13. கிறித்தவப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் பயின்ற ஜோதிராவ், தாம் கற்றதைத் தம் துணைவிக்கும் கற்பித்தார். வயலிலும் வீட்டிலும் வேலை முடிந்தபின் தொடங்கிய அப்பாடம், ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பிவிட்டது எனலாம். பின்னர் அம்மையார் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். எழுத்தறியாது புகுந்தவீடு வந்த சிறுமி, சில ஆண்டுகளுக்குள் பிறருக்குக் கற்பிக்கும் தகுதியடைந்தார்.

பள்ளியும் பழியும்

அந்நாளில் பூனா எனப்பட்ட புனே நகரில், பிடேவாடா என்னும் மாளிகையில், 1848ஆம் ஆண்டு பூலே தம்பதியர் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் திறந்தனர். அம்மையார் அதன் ஆசிரியை. அப்போது அவருக்கு வயது 17. அதன்பின் மகர், மாங் என்னும் ஒடுக்கப்பட்ட சமுதாயங்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன.

இப்பணி எளிதில் நடைபெறவில்லை. பள்ளிக்குச் செல்லும் வழியில் அம்மையார் மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர் சிலர். அவரோ மாற்றுச் சீலை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றார். பள்ளியை அடைந்ததும் அழுக்குற்ற சீலையைக் களைந்து தூய சீலை உடுத்திப் பாடம் நடத்தினார். ஊராரின் வற்புறுத்தலால் ஜோதிராவின் தந்தையார் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். அவ்வேளையில் அவர்களுக்கு இடமளித்தது உஸ்மான் ஷேக் என்னும் இசுலாமிய அன்பரின் இல்லம். அவ்வில்லத்துப் பாத்திமா ஷேக் அம்மையாருக்குத் துணையாக நின்று தாமும் கற்பித்தார்.

1852இல் அரசினர் பூலே தம்பதியரின் கல்விப்பணியைப் பாராட்டிச் சிறப்புச் செய்தனர். அதனினும் மேலான சிறப்பு 1855இல் வந்தது. அவர்தம் பள்ளியில் பயின்ற முக்தா என்னும் மாங் சமுதாயச் சிறுமி, மகர், மாங் மக்களின் துயரங்களைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினாள். அஃது அச்சேறி வெளிவந்தது. பல நூற்றாண்டுகளாக எழுத்து மறுக்கப்பட்ட ஒரு குலத்தின் பெண், தன் மக்களின் துன்பத்தைத் தானே எழுதி உலகறியச் செய்தாள். ஓர் ஆசிரியைக்கு இதனினும் பெரிய பரிசு யாது?

தீட்டு என்னும் பொய்யை எதிர்த்து

அம்மையாரின் பணி பள்ளிச் சுவர்களுக்குள் அடங்கவில்லை. அக்காலத்தில் இளம் விதவையர் சிலர் ஏமாற்றப்பட்டுக் கருவுற்று, பழிக்கு அஞ்சித் தம்மையோ குழந்தையையோ மாய்த்துக் கொள்வது வழக்கமாயிருந்தது. அத்தகையோர் மறைவாக வந்து மகப்பேறு காண்பதற்கென, 1863இல் பூலே தம்பதியர் ஒரு காப்பகம் தொடங்கினர். வந்த பெண்களுக்குப் பேறுகாலப் பணிவிடை கிடைத்தது. பிறந்த குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். காசிபாய் என்னும் பார்ப்பன விதவை ஈன்ற ஆண் குழந்தையை, மகப்பேறு இல்லாத அவ்விருவரும் தம் மகனாக ஏற்று யஷ்வந்த் எனப் பெயரிட்டு வளர்த்தனர். அம்மகன் பின்னாளில் மருத்துவரானார்.

1868இல், தம் வீட்டு நீர்த்தொட்டியை ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டனர். ஊர்ப் பொதுக்கிணற்றின் நிழலும் மறுக்கப்பட்ட மக்கள் பூலே இல்லத்தில் நீர் முகந்தனர். 1873இல் ஜோதிராவ் நிறுவிய சத்தியசோதக் சமாஜம் என்னும் உண்மை நாடுவோர் சங்கத்திலும், 1876-77 பஞ்சத்தின்போது நடந்த உணவளிக்கும் பணியிலும் அம்மையார் முன்னின்று உழைத்தார். அண்ணல் அம்பேத்கர் தம் மூன்று ஆசான்களாகப் புத்தரையும் கபீரையும் ஜோதிராவ் பூலேயையும் ஏற்றார் என்பது நாம் அறிந்தது. அந்த ஆசானின் இல்லத்தில் நிகழ்ந்த அறப்பணிகளில் எல்லாம் சரிபாதி அம்மையாருடையது.

1890ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். இறுதிச் சடங்கில் தீச்சட்டி ஏந்தும் உரிமை பற்றி உறவினர் பூசலிட்டபோது, அம்மையார் தாமே அதனை ஏந்தி முன் நடந்தார். கணவனுக்கு மனைவி கொள்ளி வைப்பது கேட்டறியாத செயலாயிருந்த காலம் அது. அதன்பின் சங்கத்தின் பொறுப்பையும் அவரே தாங்கினார்.

கொள்ளைநோயின் வருகை

1896ஆம் ஆண்டு செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி என்னும் தானியக் கிடங்குப் பகுதியில் மக்கள் கடுங்காய்ச்சல் கண்டு மடியலாயினர். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி, சில நாள்களில் உயிர் பிரிந்தது. அது பிளேக் என்று கண்டறிந்தவர் அக்காசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர். பம்பாயை விட்டு இலட்சக்கணக்கானோர் வெளியேற, நோயும் அவர்களுடன் இரயிலேறிப் புனேயை அடைந்தது. பின்வந்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு இரையாயினர். தமிழகமும் தப்பவில்லை. கோவைப் பகுதியில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரால் இன்றும் விளங்கும் கோயில்கள் அக்கொடுமையின் நினைவுச் சின்னங்களாகும்.

1897 பிப்ரவரி 4ஆம் நாள் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. நோயுற்றாரை வலிந்து பிரிக்கவும் வீடுகளில் புகுந்து சோதனையிடவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. மக்களோ நோயைவிட மருத்துவமனைக்கு அஞ்சினர். 1896 அக்டோபரில் பம்பாய் ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர் கூட்டம் தாக்கியது. நோயிலும் சாதி விடவில்லை. அந்நகரில் சாதிக்கும் சமயத்திற்கும் தனித்தனியே பிளேக் மருத்துவமனைகள் எழுந்தன.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. மலமும் குப்பையும் அள்ளிய துப்புரவுத் தொழிலாளர் அச்சத்தால் ஊரைவிட்டுச் சென்றுவிடின் நகரமே வாழத் தகாததாகிவிடும் என்று பம்பாய் நகராட்சி அஞ்சியது. ஏனைய நாளில் எவரைத் தொடுவது தீட்டெனக் கருதப்பட்டதோ, அவர் கையில்தான் அப்பெருநகரின் உயிர் இருந்தது. ஆனால் அக்கையைக் காப்பதற்கு எவரும் ஏதும் செய்யவில்லை.

ஹடப்சர்த் தோட்டத்து மருத்துவமனை

நோய் புனேயைச் சூழ்ந்தபோது அம்மையாருக்கு வயது 66. மருத்துவராகிப் படைத்துறையில் பணியாற்றிய மகன் யஷ்வந்தை அவர் அழைத்தார். நகருக்கு வெளியே, ஹடப்சரை அடுத்த சசானே தோட்டத்தில், காற்றோட்டமுள்ள திறந்த வெளியில், நோயாளருக்கென ஒரு மருத்துவமனையை மகன் தொடங்கினார். மகன் மருத்துவம் பார்க்க, அன்னை பணிவிடை செய்தார். சாதி கேளாது, காசு கேளாது, நோயுற்றாரைத் தேடிச்சென்று அழைத்துவருவதும் அவர் பணியாயிற்று.

முண்டுவா என்னும் ஊரின் புறத்தே மகர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே பாண்டுரங் என்னும் சிறுவன் பிளேக் நோயால் துடிப்பதாக அம்மையார் கேள்வியுற்றார். அவனைத் தூக்கிச் செல்ல வண்டியில்லை. தொட்டுத் தூக்க முன்வருவாரும் இல்லை. முதுமையால் தளர்ந்த அம்மையார் அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு, சில கல் தொலைவு நடந்து மருத்துவமனையில் சேர்த்தார். சிறுவன் பிழைத்தான் என்பர் அவர் வரலாறு எழுதியோர். சுமந்த அன்னையை நோய் பற்றியது. 1897ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஊர் தொட மறுத்த குழந்தையை உடலோடு சேர்த்துச் சுமந்ததே அவ்வன்னையின் கடைசிப் பாடம். பல்லாண்டுகளாகப் பள்ளியிலும் நீர்த்தொட்டியிலும் அவர் நடத்திய அதே பாடத்தை, அன்று தம் உயிரையே விலையாகக் கொடுத்து நடத்தினார்.

அறிவியல் அறிந்ததும் அறியாததும்

அம்மையாரின் தியாகத்தை வணங்கும் நாம், அஃது ஏன் உயிரிழப்பில் முடிந்தது என்பதையும் ஆராய வேண்டும். அன்று மருத்துவ உலகம் எதனை அறிந்திருந்தது?

பிளேக் நோயின் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் கண்டிருந்தார். வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞர், பம்பாயில் அமர்ந்து தடுப்பூசி ஒன்றை உருவாக்கி, 1897 சனவரி 10ஆம் நாள் முதன்முதலாகத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். அம்மையார் மறைவுக்குச் சரியாக இரண்டு திங்களுக்கு முன் நிகழ்ந்தது இது. ஆனால் ஊர்ப்புறத்து மருத்துவமனைப் பணியாளருக்கு அஃது எட்டும் முன்னரே காலன் வந்துவிட்டான்.

நோய் எவ்வாறு பரவுகிறது என்பது அன்று எவர்க்கும் தெரியாது. 1898இல்தான், கராச்சியில் ஆய்வு நடத்திய பால் லூயி சிமோந்த், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி வழியே அது மனிதரை அடைகிறது என்று காட்டினார். அவர் கூற்றையும் பலர் நகைத்து ஒதுக்கினர். மேலும் சில ஆண்டு ஆய்வுகளுக்குப் பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது. தெள்ளுப்பூச்சி ஒரு வழி. நோய் நுரையீரலைப் பற்றிவிடின், இருமலில் தெறிக்கும் நீர்த்துளி மற்றொரு வழி. நோயுற்ற பிள்ளையை முதுகில் சுமப்பவரை அவன் துணியும் தொடுகிறது. அவன் மூச்சும் தொடுகிறது. அம்மையாருக்குக் கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை, தடுப்பூசி இல்லை. நோயைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டறியப்பட்டதோ 1943இல்.

முகக்கவசத்தின் அருமையை உலகிற்கு உணர்த்தியவர் பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்னும் சீன மருத்துவர். நம் செட்டிநாட்டு நகரத்தார் வணிகம் நடத்திய, தமிழ்த் தொழிலாளர் பலர் குடியேறிய அதே பினாங்குதான். அவர் பிறந்தது 1879 மார்ச் 10. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில் அம்மையார் மறைந்தார். 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி ஏறத்தாழ 60,000 பேரை மாய்த்தது. நோய் மூச்சின் வழியே பரவுகிறது என்று உணர்ந்த வூ, பஞ்சும் மெல்லிய துணியும் மடித்துத் தைத்த முகக்கவசத்தை மருத்துவர், செவிலியர், பிணம் சுமப்போர் அனைவரும் அணியுமாறு செய்தார். அதனைப் பொருட்படுத்தாத மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர், முகம் மறையாது நோயாளரைச் சோதித்துச் சில நாள்களில் இறந்தார். கிருமிக்குப் பட்டமும் பதவியும் தெரியா என்பது அங்கே மெய்யாயிற்று.

இதற்கும் முன்னரே, வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஒரு பேருண்மையைக் கண்டார். அங்கே ஒரே மருத்துவமனையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பணிசெய்த பிரிவில் தாய்மார் பெருந்தொகையாக இறந்தனர்; எளிய மருத்துவச்சியர் பணிசெய்த பிரிவில் இறப்பு மிகக் குறைவு. பிணங்களை அறுத்துச் சோதித்த மருத்துவரும் மாணவரும் அக்கையோடு வந்து தாய்மாரைத் தொட்டதே காரணம் எனக் கண்ட அவர், 1847 மே திங்களில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும் முறையைக் கொணர்ந்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த இறப்பு, ஜூனில் நூற்றுக்கு 2 என்னும் அளவிற்கு இறங்கியது. படித்த மேலோர் கையே கொன்றது என்பதை அவர்காலத்து மருத்துவர் பலர் ஏற்க மறுத்தனர். 1865இல் அவர் மனமுடைந்து மறைந்தார். வியன்னாவில் கைகழுவும் தொட்டி வைக்கப்பட்ட மறு ஆண்டுதான் புனேயில் அம்மையாரின் பள்ளி திறக்கப்பட்டது.

தீட்டு வேறு, தொற்று வேறு

இவ்வரலாறுகளிலிருந்து நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. தீட்டு என்பது பிறப்பைப் பார்ப்பது. தொற்று என்பது செயலைப் பார்ப்பது. தீட்டு ஒருவரை வாழ்நாள் முழுதும் ஒதுக்குகிறது. தொற்றோ சோப்பும் நீரும் கொண்டு ஒரு நிமிடத்தில் கழுவத்தக்கது. தீட்டுக்கு ஆளாவோர் சில சாதியார் மட்டுமே. தொற்றுக்கு ஆளாவோர் மனிதர் அனைவரும்.

நம் நாட்டில் தீட்டு எவ்வளவு கடுமையாகக் காக்கப்பட்டதோ, அவ்வளவு தொற்றுத் தடுப்பு மறக்கப்பட்டது. பேறுகாலத்தைத் தீட்டென்று ஒதுக்கினர். பிள்ளை பெற்றவளைத் தனியறையில் கிடத்தினர். தொப்புள்கொடி அறுக்கும் வேலையைத் தாழ்ந்த சாதி எனப்பட்ட மருத்துவச்சியிடம் விட்டனர். ஆனால் கொடியறுக்கும் கருவி வெந்நீரில் கொதித்ததா, அவள் கைகழுவ நீரும் சோப்பும் தரப்பட்டனவா என்று கேட்டவர் எவருமிலர். அதன் விளைவாகப் பிறந்த சில நாள்களில் இரணசன்னி கண்டு மடிந்த குழந்தைகள் எண்ணிறந்தோர். தூய கைகள், தூய கத்தி, தடுப்பூசி ஆகியவற்றால்தான் அந்நோய் அடக்கப்பட்டது. தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணசன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியது என 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றது. தலைமுறை தலைமுறையாகத் தீட்டுக் காத்தும் வராத நன்மை, கைகழுவுவதாலும் ஊசியாலும் வந்தது.

பணியாளரைக் காப்பது கடமை

அம்மையார் வாழ்ந்த நாளில் இல்லாதவை எல்லாம் இன்று உள்ளன. மருத்துவத் துறையில் பணிபுரியும் நம் இளைஞர் அவற்றை ஐயமற அறிதல் வேண்டும்.

முதலாவது கை. நோயாளரைத் தொடுமுன்னும், தொட்டபின்னும், ஊசி முதலிய தூய செயலுக்கு முன்னும், குருதி முதலிய நீர்மம் பட்டபின்னும், நோயாளரின் படுக்கையையும் பொருளையும் தொட்டபின்னும் கைகழுவுதல் வேண்டும். சோப்பும் நீரும் எனில் 40 முதல் 60 விநாடி; சாராயம் கலந்த கைமருந்து எனில் 20 முதல் 30 விநாடி. கையுறை அணிந்ததால் கைகழுவ வேண்டா எனக் கருதுதல் பிழை. கழற்றியவுடனும் கழுவுதல் வேண்டும்.

இரண்டாவது ஊசி. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி பொருத்தலாகாது. துளைபடாத வெண்ணிறக் கலத்தில் உடனே இடுதல் வேண்டும். தவறிக் குத்திவிடின், அவ்விடத்தைப் பிதுக்காது சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மேலாளரிடம் அறிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாது தடுக்கும் மருந்தை இயன்றவரை இரண்டு மணி நேரத்திற்குள்ளும், தவறினால் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கி, 28 நாள் உண்ணுதல் வேண்டும். வேலை போய்விடுமோ என்று அஞ்சி மறைப்பது உயிருக்குக் கேடு.

மூன்றாவது கழிவு. குருதி தோய்ந்த பஞ்சும் உடற்பகுதிகளும் மஞ்சள் பையிலும், குழாய், கையுறை முதலிய நெகிழிப் பொருள்கள் சிவப்புப் பையிலும், கண்ணாடிக் குப்பிகள் நீலக் கலத்திலும் சேர வேண்டும். தரையில் குருதி சிந்தினால், உறிஞ்சும் துணியால் மூடி, ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது விட்டுப் பின் துடைத்தல் வேண்டும். செம்மல்வைஸ் கையாண்ட குளோரினே இன்றும் நம் தரைகளைத் தூய்மை செய்கிறது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் பிறப்பது குளோரின். அம்மின்வேதியியலுக்கென்றே அமைந்த மைய ஆய்வு நிலையம், வள்ளல் அழகப்பர் ஈந்த நிலத்தில், 1953 முதல் நம் காரைக்குடியில் விளங்குகிறது. அவ்வளாகத்தை நாள்தோறும் கடந்து செல்லும் நம் பிள்ளைகள், உள்ளே நடக்கும் அறிவியலுக்கும் மருத்துவமனைத் துடைப்பத்திற்கும் உள்ள உறவை அறிந்திருத்தல் நன்று.

நான்காவது உரிமை. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் மஞ்சட்காமாலை பி வகைக்கும் இரணசன்னிக்கும் தடுப்பூசி போடுதல், பணியில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடற்சோதனை செய்தல், பயிற்சியும் தக்க பாதுகாப்பு உடைகளும் அளித்தல் ஆகியவற்றை மருத்துவமனை நடத்துவோர் மீது கடமையாக விதித்துள்ளன. மருத்துவர் முதல் துடைப்பம் ஏந்துவோர் வரை இதில் வேறுபாடு இல்லை. காமாலை பி வகைத் தடுப்பூசி மூன்று தவணை. முதல் நாள், ஒரு திங்கள் கழித்து, ஆறு திங்கள் கழித்து. நம்மவர் எத்தனை பேர் மூன்றையும் போட்டுக் கொண்டுள்ளனர் என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டறிதல் வேண்டும்.

மருத்துவமனைகளின் கடைநிலைத் துப்புரவுப் பணியில் நம் மக்கள் மிகுந்திருப்பது தற்செயலன்று. அது சாதி வகுத்த வேலைப் பிரிவினையின் எச்சம். கிருமி மிகுந்த இடத்தில் நிற்பவருக்குக் கையுறை கடைசியாக வந்து சேர்வதும் அவ்வெச்சமே. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது, பிணத்தைப் பொதிந்தவரும் கழிவை அள்ளியவரும் யாவர் என்பதை நாடு கண்டது. கைதட்டலும் மலர்மாரியும் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றினும் அவர்களுக்கு வேண்டியவை கிழியாத கையுறையும், முறையான பயிற்சியும், நிலையான ஊதியமுமே.

அன்னைக்கு நாம் செய்யும் கைம்மாறு

1998இல் நடுவணரசு அம்மையாருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2014இல் புனேப் பல்கலைக்கழகம் அவர் பெயரை ஏற்றது. பெண் என்றும் தாழ்ந்தவள் என்றும் சேறு வீசிய நகரமே இன்று தன் கல்விக் கோயிலுக்கு அவர் பெயரைச் சூட்டி மகிழ்கிறது.

சிலைகளும் பெயர்ப்பலகைகளும் போதா. தொண்டு என்றால் உயிரைக் கொடுத்தே தீரவேண்டும் என்று எண்ணுவது அன்னையின் வாழ்வைப் பிழையாகப் படிப்பதாகும். அவர் இறக்க விரும்பி அச்சிறுவனைச் சுமக்கவில்லை. அவன் வாழ வேண்டும் என்று சுமந்தார். நம் பிள்ளைகள் சுமக்கும்போது சுமக்கப்படுபவரும் வாழ வேண்டும். சுமப்பவரும் வாழ வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு இன்று நூல்களில் உள்ளது. அதற்கு வேண்டிய சட்டமும் உள்ளது. கல்வி பெற்றோர் அதனைப் படித்து, கல்லாதார்க்கு எடுத்துரைத்து, மறுக்கப்படும் இடத்தில் ஒன்றுகூடிக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இளைஞர்களே! நங்கையரே! மருத்துவம் கற்க வாருங்கள். செவிலியம் கற்க வாருங்கள். ஆய்வுக்கூடம் புக வாருங்கள். நம் தந்தையரும் தாயரும் துடைப்பம் ஏந்திய அதே மருத்துவமனைகளில், தொற்றுத் தடுப்புக் குழுவின் பொறுப்பேற்கும் மருத்துவராகவும் செவிலியராகவும் உயருங்கள். அப்பொறுப்பில் அமர்ந்த நாளில், முதல் கையுறை கடைசிப் படியில் நிற்பவருக்குச் சேரும்படி செய்யுங்கள். சாவித்திரிபாய் அன்னையார்க்கு நம் சமுதாயம் செலுத்தும் கைம்மாறு அதுவே ஆகும்.